அவள் ஆங்கிலம் பேசியபோது

எங்கள் வீட்டில் என் மகள் தமிழில் வாயைத் திறந்தால் கைதட்டுவார்கள். "எனக்குத் தண்ணி வேணும்" என்றால் போதும், என் கணவர் போனை எடுத்துவிடுவார். கேட்டால், மெல்பர்னில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பவேண்டுமாம். தண்ணீர் கேட்ட பிள்ளை இன்னொரு முறை கேட்டுக் காட்டிய பிறகுதான் அதற்குத் தண்ணீர் கிடைக்கும்.

அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். ஈப்போவில் மூன்று தலைமுறையாக வீட்டுக்குள் ஆங்கிலம்தான். நான் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவள். வங்கியில் வேலை, வாடிக்கையாளர்களிடம் நாள் முழுக்க ஆங்கிலம். கல்யாணமாகி வந்த புதிதில் நான் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் பேசினால் யாரும் கைதட்டியதில்லை. எங்கே தடுக்குகிறேன் என்று மட்டும் காது கொடுத்துக் கேட்பார்கள். அது எனக்கு வலித்தது. வலித்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிறகு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

மகளை எங்கே சேர்ப்பது என்று வீட்டில் பெரிய போர் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஜெலாப்பாங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருவழி வகுப்பு தொடங்கினார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வருவார்கள், மீதிப் பாதி ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து. ரெஹாட் என்கிற இடைவேளை மணி அடிக்கும்வரை பாடமெல்லாம் தமிழில், சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆங்கிலத்தில். ஒரு மேசைக்கு ஒரு ஜோடி. காலையில் தமிழ்ப்பிள்ளை சொல்லிக்கொடுக்கும், மதியம் மற்றது சொல்லிக்கொடுக்கும். யாரும் யாருக்கும் உசத்தி இல்லை, தாழ்த்தி இல்லை என்று முதல் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியை அடித்துச் சொன்னார். நான் ரொம்ப வேகமாகத் தலையாட்டினேன்.

என் மகளுக்கு ஜோடியாக வந்தவள் ஒல்லியான, கண் பெரிய பெண். பீடோர் பக்கத்தில் இவர்கள் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டதால் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தவர்கள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை, அப்பா லாரி ஓட்டுநர். பள்ளி வாசலில் அந்த அம்மா என்னைப் பார்த்த முதல் நாளே, "அக்கா, நீங்க சுங்காயா? நாங்க பக்கத்துல பீடோர்க்கா!" என்று சொந்தக்காரியைக் கண்டுபிடித்ததுபோல் ஒட்டிக்கொண்டாள். எனக்கும் பிடித்திருந்தது. காரணம், அவளிடம் மட்டும்தான் நான் நாக்கை இறுக்கிப் பிடிக்காமல் பேசினேன்.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் மேடையேறும் நாள் வந்தது. பெற்றோர், அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் வரப்போகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஜோடியின் மொழியில் பேசவேண்டும். என் மகள் தமிழில், அவள் ஆங்கிலத்தில்.

அதற்கு முதல் நாள் அந்த அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நாளைக்கு எனக்கு ஷிப்ட். கேட்டுப் பாத்தேன், லீவு குடுக்கமாட்டேங்கறான். அவரு ஜோகூர் லோட்ல போயிட்டாரு. எம் புள்ள பேசறதக் கொஞ்சம் போன்ல புடிச்சு அனுப்புறீங்களா?"

"இதுக்குப் போயி இவ்ளோ இழுக்கறியே. அனுப்புறேன்லா."

"அவரு பாக்கணும்க்கா. அடுத்த வருஷம் மலாய் ஸ்கூலுக்கு மாத்திடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. தமிழ் ஸ்கூல்ல இங்கிலீஷ் எங்கேருந்து வரும்னு கேக்கறாரு. நான் சொன்னா நம்பமாட்டாரு. ஒருவாட்டி கண்ணால பாத்துட்டாருன்னா வாய மூடிக்குவாரு."

"நீ கவலப்படாம வேலைக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன்! நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

என் மகள்தான் முதலில் பேசினாள். எங்கள் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றி ஐந்தாறு வாக்கியம். ழகரம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் ஒரு வார்த்தை மறந்து அப்படியே நின்றாள். பக்கத்தில் நின்ற அந்தப் பெண் உதட்டை மட்டும் அசைத்து அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். என் மகள் பிடித்துக்கொண்டு முடித்தாள். அடேயப்பா, மண்டபம் இடிந்துவிழுந்த மாதிரி கைதட்டல்! ஓர் அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். ஆங்கிலம் பேசுகிற வீட்டுப் பிள்ளை எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறது என்று எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போனில் பதிவை நிறுத்தினேன். உடனே குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். கீழே இரண்டு வரி எழுதினேன், எழுதியதைத் திருத்தினேன். இதயங்கள் வந்து விழ ஆரம்பித்தன. மெல்பர்ன் நாத்தனார், இது எந்தப் பள்ளி என்று கேட்டார். நான் பெருமையாகப் பதில் தட்டினேன். அவர் இன்னொன்று கேட்டார், அதற்கும் தட்டினேன். மறுபடி கைதட்டல் கேட்டு நிமிர்ந்தபோது அந்தப் பெண் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். மரியாதைக்குத் தட்டுகிற கைதட்டல், சீக்கிரம் அடங்கிவிட்டது. நானும் தட்டினேன். எதற்குத் தட்டினேன்? அவள் பேசியதில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தொழிற்சாலை இடைவேளையில் அந்த அம்மா அனுப்பிய குரல் செய்தி வந்திருந்தது. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல், அதற்கு மேல் கத்திப் பேசுகிறாள். "அக்கா, புடிச்சீங்களா? நல்லாப் பேசுனாளா?"

போனைத் துழாவினேன். எடுக்கவில்லை என்று தெரிந்தும் துழாவினேன். முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? அவள்மேல் கோபம். பெற்ற பிள்ளைக்கு அரை நாள் லீவு போட முடியாதா இவளால், என்று கார் கதவைச் சாத்தினேன். சீ, நானும் ஒரு மனுஷி. லீவு கேட்டால் தொழிற்சாலையில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

வகுப்புப் பெற்றோர் குழுவில் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பேசியதை யாராவது எடுத்தீர்களா என்று. வரிசையாக வந்தது. எல்லாம் என் மகள். பல கோணத்தில் என் மகள். சூப்பர், வாழ்த்துகள், கண் கலங்கிட்டோம். ஒன்றில் ஓரமாக அவளுடைய பாவாடை மட்டும் தெரிந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒருவர்கூட அவளை எடுத்திருக்கவில்லை. தமிழ்ப்பிள்ளை ஆங்கிலம் பேசுவதில் என்ன அதிசயம்? பேசத்தானே வேண்டும், பேசாவிட்டால்தானே குறை! ஊர் முழுக்க அப்படி நினைக்கலாம். நான் நினைக்கலாமா? என் ஆங்கிலத்துக்குக் கிடைக்காத கைதட்டலை இத்தனை வருஷமாக மனசுக்குள் புலம்பிக்கொண்டிருக்கிறவள்?

வாய் கூசாமல் அந்த அம்மாவிடம் பொய் சொன்னேன். "எடுத்தேன்மா. ஆனா சத்தம் விழல. என் போன் ரொசாக், மக்கர் பண்ணுது."

கொஞ்ச நேரத்தில் குரல் செய்தியாகப் பதில் வந்தது.

"தாக் அப்பாக்கா, பரவால்ல, அதனால என்ன. சத்தம் இருந்தா மட்டும் எனக்குப் புரியவா போகுது? வாய் அசையறதப் பாத்தாப் போதும். அப்படியே அனுப்பி வைங்க."

அந்தக் குரல் செய்தியை மறுபடி போட்டுக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு நாள் அவள் செய்திகளைத் திறக்காமலே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பம்பளிமாஸ் பழக்கூடையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லவா போனேன்? இல்லை. அந்தப் பிள்ளையை வீட்டிலேயே பேசவைத்து எடுத்துக் கொடுத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. என் மகளை வேண்டுமென்றே அழைத்துப் போகவில்லை. அவள் எதையாவது உளறி வைப்பாள்.

அவளுடைய அப்பா ஜோகூரிலிருந்து திரும்பியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, இருந்த ஒரே நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். அந்த அம்மா மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். இரண்டு நாள் பதில் போடாதவளிடம் ஒரு சின்ன முகச்சுளிப்புகூட இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த வீடியோவ விடுங்க," என்றேன். "இப்ப நேர்லயே பேசட்டும். அப்பாவும் பாக்கலாம். நான் நல்லா எடுத்துத் தரேன்."

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். வந்து, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"அதே பேச்சா, ஆன்ட்டி?"

"அதேதான்."

"மொதல்லேருந்தா?"

"மொதல்லேருந்தே."

கொஞ்சம் தயங்கினாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். தெளிவான, நிதானமான ஆங்கிலம். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. என் மகளுடைய தமிழை இதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் நான் அதை ரசிக்கும் நிலையில் இல்லை. அவளுடைய முதல் இரண்டு வாக்கியத்திலேயே நான் திரையை விட்டு அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அவள் முடித்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மேடம், கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க. என்னா சொல்றா? சரியாத்தான் பேசறாளா?"

"ரொம்பச் சரியாப் பேசறா. உங்க லாரியப் பத்திதான் சொல்றா," என்று ஆரம்பித்தேன். அப்பா கித்தான் கட்டும்போது முடிச்சை எப்படிப் போடுவார், மழையில் வண்டியை எப்படி மெதுவாக இறக்குவார், எங்கே நின்றாலும் சாப்பிட்டாயா என்று கேட்டு வீட்டுக்குப் போன் செய்வார், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். காது சிவந்துபோயிருந்தது.

"பாண்டாய்தான் எம் பொண்ணு," என்றார். மலாயில் கெட்டிக்காரி என்று அர்த்தம். கொஞ்சம் கழித்து மனைவியிடம், "சரி, அங்கேயே படிக்கட்டும். மாத்த வேணாம்," என்றார்.

அதோடு நான் எழுந்திருக்கலாம். வந்த வேலை முடிந்தது.

"ஆரம்பத்துல மதர்னு ஒண்ணு சொன்னாளே," என்றாள் அந்த அம்மா. "அது என்னாக்கா? என்னப் பத்தியா? அத நீங்க சொல்லலியே."

நான் விட்டுவிட்டதை அவள் பிடித்துவிட்டாள். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. இனி மாற்றிச் சொல்லவும் முடியாது, என் எதிரில் நிற்பவளுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

சொன்னேன். "எங்க அம்மா இன்னிக்கு வேலையில இருக்காங்க, அப்பா தூரத்துல இருக்காரு. அவங்க ரெண்டு பேரும் பாக்கறதுக்காக என் தோழியோட அம்மா போன்ல புடிக்கறாங்க. அதனால நான் அவங்களப் பாத்துத்தான் பேசுவேன். மத்தவங்க கோவிச்சுக்காதீங்க. அப்படீன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சா."

மேடையில் நின்று இதைத்தான் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்துத்தான் முழுவதும் பேசியிருக்கிறாள். நானோ தலையைக் குனிந்து மெல்பர்னுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவுக்காகப் பேசிய பேச்சை என் உச்சந்தலையிடம் பேசி முடித்துவிட்டுக் குனிந்து வணக்கமும் சொல்லியிருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போனேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாக்கா! அத்தன பேரு முன்னால இவ்ளோ தைரியம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தேன். நீங்க எதிர்ல இருந்தீங்கல்ல, அதான்! சத்தமில்லாட்டியும் பரவால்ல, அந்த வீடியோவ அனுப்பிருங்கக்கா. மேடையில நிக்கிறத ஒருவாட்டி பாக்கணும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் பிள்ளை முந்திக்கொண்டது.

"வேணாம்மா. அதுல நான் தெரியமாட்டேன். ஆன்ட்டிக்கு முன்னால ஒரு ஒசரமான அங்கிள் வந்து நின்னுட்டாரு. பாவம், ஆன்ட்டி எட்டி எட்டிப் பாத்தாங்க."

நான் உட்கார்ந்திருந்தது முதல் வரிசை. எனக்கு முன்னால் யாரும் இல்லை, மேடையும் அவளும்தான்.

"அப்படியாக்கா?" என்றாள் அம்மா.

"ஆமா," என்றேன் நான். "ரொம்ப ஒசரம்."