பாட்டில்லாத நாடகத்தில் என் வேலை

நான் நாலாவது ஃபாரம் வரை படித்தவன். படித்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் ஓர் ஆர்மோனியக்காரன் எழுத வருவது சரியில்லை என்று தெரியும். ஆனால் நம் சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், "பெட்டிக்குள்ளே பித்தளை மணி எதற்கு மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நேரில் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி சிறியது. பவானிபூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலை எடுத்து, சனிக்கிழமை சாயங்காலங்களில் நாடகம் போடுவோம். நடிகர்கள் எல்லோரும் வங்காளத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்கள், பகலில் குமாஸ்தாக்கள். இதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். கூச்ச சுபாவக்காரனுக்கு ஆர்மோனியம் நல்ல வேலை. தலையைக் குனிந்து கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

மேனேஜர் சேஷாத்ரி ஐயர் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். ஒருமுறை போட்ட மாதிரி மறுமுறை போடுவது அவருக்குப் பிடிக்காது. "வரவன் ஆத்துக்குப் போறச்சே, இப்படிக்கூடப் பண்ணுவாளான்னு பேசிண்டு போகணும், ஓய்" என்பார். ஒரு தடவை கடைசி சீனை முதலில் போட்டார். ராஜா செத்த பிறகு அவருக்குக் கல்யாணம் நடந்தது. இன்னொரு தடவை சபையோரை மேடையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் ஹாலில் நடித்தோம். தாமதமாக வந்தவர்கள் தர்பாருக்கு நடுவே நாற்காலி தேடினார்கள்.

அதற்குப் பிறகுதான் பாட்டே இல்லாத நாடகம் என்றார். அந்தக் காலத்தில் முப்பது பாட்டாவது இருந்தால்தான் நாடகம். கதையிலும் ராஜா இல்லை. பவானிபூரில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா. அவனுக்கு வேலை உண்டா இல்லையா என்று துரை அன்று சொல்லப்போகிறார். மனைவி வீட்டில் காத்திருக்கிறாள். ராஜபார்ட் கோவிந்தசாமி தன் ஆபீஸ் கோட்டோடும் குடையோடும் வரவேண்டும்.

"அப்போ நான்?" என்று கேட்டேன்.

"நீர் வழக்கம்போல மேடைக்கு முன்னாலே பெட்டியைத் திறந்து வெச்சுண்டு உட்காரும். வாசிக்கப்படாது. இப்போ வாசிப்பார், இப்போ வாசிப்பார்னு ஜனங்கள் பார்த்துண்டே இருக்கணும்."

இது ஜெயித்தால் அடுத்ததற்கும் பாட்டு வேண்டாம் என்பார். பிறகு ஆர்மோனியக்காரன் எதற்கு? வீட்டில் என்னை நம்பி நாலு பேர் இருந்தார்கள்.

கோவிந்தசாமிக்கும் வருத்தம். ராஜபார்ட் என்றால் உள்ளே நின்றே பாட்டை எடுத்து, பாடிக்கொண்டே மேடைக்கு வருவதுதான் வழக்கம். ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, இத்தனை வருசமா பேசிக்கிட்டா மேடைக்கு வந்தேன்? நான் நுழையுற எடத்துல நீங்க சுதியை மட்டும் புடிங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"மேனேஜர் கேட்டா?"

"கை தானா போயிருச்சுன்னு சொல்லுங்க. உங்க முகத்தைப் பாத்தா யாரும் பொய்யின்னு நெனைக்க மாட்டாங்க."

நான் தலையாட்டிவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. முதல் சீனிலேயே முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஹாலின் வங்காளிக் காவல்காரர் என் அருகில் வந்து குனிந்து, "கான் கோத்தாய், மாஸ்டர்மோஷாய்?" என்றார். பாட்டு எங்கே என்று கேட்கும் அளவுக்கு அவருக்கே பொறுக்கவில்லை.

இரண்டாம் சீனில் மனைவியாக ரங்கன் தனியே உட்கார்ந்திருந்தார். அலிப்பூர் கோர்ட்டில் நகல் எழுதுகிறவர், எங்கள் ஸ்திரீபார்ட். அந்த சீனில் அவருக்கு வசனமே கிடையாது. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பாட்டைப் போடுங்கய்யா" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"மாஸ்டருக்குக் கையில சுளுக்கு போல" என்றார் இன்னொருவர்.

ஹால் சிரித்தது. என் காது சுட்டது. பக்கத்துத் தட்டி மறைவில் கோவிந்தசாமி குடையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இடது கை துருத்தியில், வலது கை கட்டைமேல். அமுக்குவதுதான் பாக்கி.

அப்போது வெளியே டிராம் வந்தது. டிராம்கள் குதிரையை விட்டு மின்சாரத்தில் ஓட ஆரம்பித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. ஹாலின் ஜன்னல்கள் அந்தச் சாலையைப் பார்த்தவை. மற்ற நாடகங்களில் என் வாசிப்பு அந்தச் சத்தத்தை மூடிவிடும். அன்று மணி தெளிவாகக் கேட்டது. ரங்கன் என்ன நினைத்தாரோ, சட்டென்று எழுந்து, தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து பார்த்தார். டிராம் நிற்காமல் போயிற்று. திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. மூங்கில் தட்டிக்குப் பின்னால், பெண்கள் பக்கத்திலிருந்து, "நம்மாத்துலயும் தினம் இதே கூத்துதான்" என்று ஒரு குரல் வந்தது.

இரண்டாவது டிராமின் மணி கேட்டபோது ஹாலே ஜன்னல் பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். ரங்கன் எழுந்தார், பார்த்தார், உட்கார்ந்தார். ஒத்திகையில் எத்தனையோ தடவை பார்த்த கதைதான். ஆனாலும் அந்தக் குமாஸ்தாவின் வேலை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. என் கைகள் எப்போது மடிக்கு வந்தன என்று தெரியவில்லை.

மூன்றாவது டிராம் நின்றது. கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். நான் என் மடியைப் பார்த்தேன். அவர் பாடவில்லை. குடையை மடக்கிக்கொண்டே மேடைக்கு வந்து, "வேலை இருக்கு" என்றார்.

ஹால் அதிர்ந்தது. ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள். பாட்டுக்குத்தான் ஒன்ஸ்மோர் கேட்பார்கள். ஒருவன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்குக் கேட்டு அன்றுதான் பார்த்தேன். கேட்டால் கொடுத்தாக வேண்டும். கோவிந்தசாமி மறுபடி உள்ளே போனார். ரங்கன் மறுபடி காத்திருந்தார். டிராம் வரவில்லை. முன்வரிசையில் ஒருவர் கடிகாரத்தை எடுத்து, "காளிகாட்டுலேர்ந்து இத்தனை நாழிக்குப் புறப்பட்டிருக்கணுமே" என்றார். ஒருவரும் எழுந்து போகவில்லை. கால் மணி கழித்து மணி ஒலித்தபோது பாதி ஹால் எழுந்து நின்று கை தட்டியது.

படுதா விழுந்ததும் மேனேஜர் என்னிடம் வந்தார்.

"அடுத்த சனிக்கிழமை அலிப்பூர்ல ஒரு வக்கீல் பங்களாவுல இதையே போடறோம். அந்தத் தெருவுல டிராம் கெடையாது. என்ன பண்ணப்போறீர்?"

"நானா?"

"பின்னே யாரு? ஒரு டிராமுக்கும் அடுத்த டிராமுக்கும் நடுவுல எவ்வளவு விடணும்னு, தாளம் தெரிஞ்ச உமக்குத்தானே தெரியும்?"

கோவிந்தசாமி குடையைக் கையில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "கை தானா நின்னுருச்சாக்கும்" என்றார். கோபம் இல்லை. ஒன்ஸ்மோர் அவருக்கும் கிடைத்துவிட்டதே.

வாசிக்கக் கை துடிக்கும்போது கொஞ்சம் பொறுத்து, ஹாலில் ஏற்கெனவே என்ன கேட்கிறது என்று கவனிக்க வேண்டும். அந்தத் தொழிலில் நான் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பழைய சாமான் கடைக்குப் போய் ஒரு பித்தளை மணி வாங்கி வந்தேன்.