மாடியிலிருந்து இறங்கிய ஏரி

போன வெள்ளிக்கிழமை காலை பெருங்களத்தூரிலிருந்து போன். ஓவியர் மாலதி.

"அண்ணா, உடனே வாங்க. படம் கீழ இறங்க மாட்டேங்குது!"

மாலதி வரைவது மாடர்ன் ஆர்ட். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, பத்து வருடமாக மொட்டை மாடியில், முன்பக்கம் திறந்த ஷெட்டில் தனியாக வரைகிறார். துணி காயப்போட வருகிறவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இப்போதுதான் முதன்முறையாக ஒரு படம் டெல்லி கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு லாரி.

போய்ப் பார்த்தேன். படம் எட்டடிக்கு ஒன்பதடி. படிக்கட்டுக் கதவோ ஏழடி! சட்டத்தை மேலேயே அடித்து, துணியை மேலேயே இழுத்துக் கட்டியிருக்கிறார்.

"கதவை அளக்கலையாம்மா?"

"வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்தேண்ணா..."

சுருட்டலாமா? கத்தியால் அப்பிய வர்ணம், வெடித்துவிடும். மிச்சம் இருந்தது ஒரே வழி – கயிறு.

எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். சில காலம் பந்தல் கட்டினேன், விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். முடிச்சுகள் மட்டும் மறக்கவில்லை.

ரோட்டுப் பக்கம் மரக்கிளை உரசும். அதனால் வர்ணப் பக்கத்தை வீட்டைப் பார்க்கத் திருப்பினோம். நானும் மாலதியும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் மேலே. சுவரில் இடிக்காமல் இன்னொரு கயிற்றால் இழுத்துப் பிடிக்க, கீழே வாட்ச்மேன்.

"மெதுவா சார்! காத்து அட்ச்சா பட்டமாட்டம் பூடும்!"

மூன்றாவது மாடி. "ஏங்க, ஓடி வாங்க! பால்கனி பூரா மஞ்சளா இருக்கு!"

இரண்டாவது மாடி சார் அண்ணாந்து கேட்டார். "என்னம்மா இது, ஏரியா?"

"ஏரிதான் சார்."

"கொக்கு எங்க?"

"பறந்துடுச்சு சார்!"

மாலதி சிரித்த சிரிப்பில் கயிறு ஓர் அடி நழுவியது. எனக்கு உயிரே போய்விட்டது.

முதல் மாடி அக்கா கையை ஆட்டினார். "நிறுத்துங்க, நிறுத்துங்க! எங்க வீட்டுக்காரர் குளிச்சிக்கிட்டிருக்கார். அவரும் பார்க்கட்டும்."

உள்ளங்கை எரிகிறது. ஆனாலும் நிறுத்தினோம். துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். தலையெல்லாம் நுரை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், கை வலிக்குது!"

"ஆங்... இறக்குங்க, இறக்குங்க."

ஒரு கீறல் இல்லாமல் தரை தொட்டது. பன்னிரண்டுக்கு முன்பே லாரியில் ஏற்றிவிட்டோம்.

டெல்லியில் யார் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டேன். மாலதி அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"என் படத்துக்காக ஒருத்தர் பாதிக் குளியல்ல எழுந்து வந்தாரேண்ணா!"