அழிப்பதற்கும் இடம் வேண்டும்

தீபாவளிக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம். பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒரு கணினிக் கடையின் மேல்மாடியில் நின்று, திரையில் தெரிந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். "கணினி வட்டில் இடமில்லை." ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவில்லை. என் அக்கா குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயம், மண் நழுவும் என்று எல்லோரும் அறிந்த ஒரு மேட்டின் அடியில் இருக்கிறது.

அந்த மேட்டில் நாங்கள் ஒரு மழைமானி வைத்திருந்தோம். அது தன் அளவுகளைக் கடையிலிருந்த கணினிக்கு அனுப்பும். மழை எல்லை தாண்டினால் லயத்து ஃபோன்களுக்கெல்லாம் கணினியிலிருந்து செய்தி போகும். அரசாங்க எச்சரிக்கை பிரதேசம் முழுவதற்கும் வரும். எங்கள் மேட்டுக்கென்று தனியாக வராது.

அந்தக் கணினி, நானா என்று எல்லோரும் கூப்பிடும் கடைக்காரருடையது. அவருடைய பில் வேலையோடு கலக்காதிருக்க, மழைக்கென்று அதற்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை உண்டாக்கித் தந்திருந்தார். அந்த உள்கணினியின் முழு வட்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு கோப்பு.

அதை எங்கே, எப்படி வைப்பது என்று நிறைய யோசித்தோம். இங்கே மின்சாரம் சொல்லாமல் போகும். ஆகவே பழைய எழுத்தின்மேல் எழுதாத கோப்பமைப்பு ஒன்றைத் தேர்ந்தோம். மாற்றத்தை வேறோரிடத்தில் எழுதி முடித்த பிறகுதான் அது பழையதை விடும்; பாதியில் மின்சாரம் போனாலும் பழையது கெடாது. எந்த நேரத்து நிலையையும் அப்படியே பிடித்துவைக்கவும் அதில் வசதி உண்டு. தேதி போட்டு மழை குறிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மணிக்கொரு நிலையைப் பிடித்துவைக்கச் செய்தேன். ஒன்றைக்கூட நீக்க மனம் வரவில்லை. உள்கணினியோ ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது. அது மாற்றிய ஒவ்வொரு துண்டின் பழைய வடிவமும் வட்டிலேயே தங்கியது. அன்று காலை வட்டு நிறைந்து, உள்கணினி அப்படியே உறைந்துவிட்டது.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருங்க."

"மெசேஜ் ஒன்னும் வரலயே தம்பி."

"மெசினு நின்னுபோச்சு. அதான் வரல."

"போன வருசமும் இப்படித்தான் கத்துன. சட்டிபானைய தூக்கிக்கிட்டு ஓடிட்டு, வெயில்ல திரும்பி வந்தோம். பெரட்டுல இன்னமும் சொல்லிச் சிரிக்கிறாங்க. மெசேஜ் வரட்டும், எந்திரிக்கிறோம்."

அவள் சொன்னது சரிதான். அந்த ஓட்டத்துக்குப் பிறகு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோருமாகப் பேசி முடிவெடுத்திருந்தார்கள்: யாருடைய பயத்துக்காகவும் ஓடுவதில்லை, மெசேஜ் வந்தால் மட்டும் போவது. அன்று நானும் தலையாட்டினேன். இப்போது கணினியின் மௌனத்தை அவர்கள் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். என் ஃபோனிலிருந்து அனுப்பினால் அது என் பயம். அவர்கள் நம்பும் ஃபோன் இலக்கம் உறைந்த கணினிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஃபோனை மேசையில் வைத்தேன்.

"பழசையெல்லாம் அழிச்சிருங்க நானா. எல்லாத்தையும்."

நானா தட்டினார். மறுபடி தட்டினார். "அழிக்கவும் எடமில்லையாம் சேர்."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. எதையும் மேலெழுதாத அந்த அமைப்பில், ஒன்றை நீக்கினோம் என்பதையும் புதிய இடத்தில்தான் எழுதவேண்டும். எழுத இடமே இல்லை.

"ஒங்கட பழைய மழையெல்லாம் பத்திரமா இருக்கு சேர். இன்டைக்குப் பெய்யிற மழைக்குத்தான் எடமில்ல" என்றவர், சிரிக்காமல் கீழே இறங்கிப் போனார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து புதிய பென் டிரைவ் ஒன்றை உறை கிழித்துக்கொண்டே வந்தார். அதைச் செருகி, வட்டோடு சேர்ந்த இடமாகக் கணினிக்குக் காட்டினார். அந்தத் துளி இடத்தை ஊன்றிக்கொண்டு முதல் நிலை அழிந்தது. பிறகு அடுத்தது. தை மாதத்திலிருந்து நான் சேர்த்தவை வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, இன்னும் வேகமாகப் போகாதா என்று தவித்தேன்.

உள்கணினி கண் விழித்தது. மழைமானி தன்னிடம் தேக்கி வைத்திருந்த அளவுகள் வந்து விழுந்தன. எல்லையைக் காலையிலேயே தாண்டியிருந்தது. என் ஃபோன் அதிர்ந்தது: கணினியின் செய்தி. அடுத்து அக்காவின் அழைப்பு.

"வந்திருச்சு. போறோம்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கேலி இல்லை.

பொழுது சாய்வதற்குள் மேடு இறங்கியது. லயத்து வரிசையில் கடைசி அறையான காம்பராவின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மண் அடுப்புவரை வந்திருந்தது. அது அக்காவுடைய காம்பரா. அடுப்பில் வைத்த பானை மண்ணுக்குள் இருந்தது. ஆட்கள் எல்லோரும் ஸ்கூலில் இருந்தார்கள்.

இப்போது மழைக் கணினிக்கு வட்டில் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறோம். அதன் முழு இடமும் முதலிலேயே அதற்கென்று பிடிக்கப்பட்டது. வேறெதுவும் அதைத் தின்ன முடியாது. பழைய நிலைகளைப் பிடித்துவைப்பது இல்லை. எழுதும்போது மின்சாரம் போனால் கெட்டுப்போகலாம் என்பதால் பக்கத்தில் ஒரு பேட்டரி. எது பத்திரம் என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

பெரட்டு முடிவையும் மாற்றிக்கொண்டார்கள். தினமும் பின்னேரம் கணினி "பயமில்லை" என்று ஒரு செய்தி அனுப்பவேண்டும். அது வராவிட்டால் எழுந்து போய்விடுவது.

"பயமில்ல பயமில்லன்னு தெனமும் அனுப்பி இவன் பயங்காட்டுறான்" என்று அக்கா சொல்லித் திரிகிறாள். ஆனால் செய்தி கொஞ்சம் பிந்தினால், முதலில் எனக்கு ஃபோன் போடுகிறவள் அவள்தான். எடுக்கும்போதே அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும்.