சித்தப்பா ஊதிய சுண்ணாம்புத் தண்ணீர்

அல்லுலோகங்களின் ரசாயனத்தில் எனக்கு அப்போது பாதிதான் தெரியும். சித்தப்பாவின் குடித்தனத்தை ஆட்டிவைக்க அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நோர்வூட்டுக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்த பெண்பிள்ளை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான் ஒருத்திதான். அதனால் வீட்டில் எனக்குக் கொஞ்சம் மவுசு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான மாஸ்டர் உலோகமல்லாத அந்த அல்லுலோகங்களை ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டிருந்தார். கந்தகம் நாறும், குளோரீன் மூக்கை எரிக்கும். காபன் மட்டும் அடுப்பில் கரியாகக் கிடக்கும் நம் வீட்டு ஆள் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு பட்டால் நீர் பாலாக வெளுக்கும் என்று மாஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மிச்சம் அடுத்த வாரம் என்று போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பில் ஓர் உருண்டையைத் தண்ணீரில் கரைத்து, ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை மேலாக நின்ற தெளிவை இறுத்தெடுத்தேன். ஊதுவதற்குப் பூசணித் தண்டு. எங்கள் வீடும் சித்தப்பா வீடுமான இரண்டு காம்பரா அறைகளிலும் சேர்த்து ஒரே ஒரு கண்ணாடிக் கிளாஸ்தான் உண்டு, அதுவும் சித்தப்பாவுடையது. தண்ணீர் குடிக்க வாங்கியதாக அவர் சொல்லுவார்.

அடுத்த காம்பராவில் சின்னம்மா காலையிலேயே துணிமணிகளை மூட்டை கட்டிவைத்திருந்தார். இனிச் சாராயத் தவறணைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று மாரியம்மன் சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்த சித்தப்பா, மறுபடியும் வாடை தெரியாமலிருக்க வாய் நிறையக் கொய்யா இலையை மென்றுகொண்டு கடைத்தெருவிலிருந்து திரும்பத் தொடங்கியிருந்தார். குடித்தது உறுதியானால் சாயங்கால பஸ்ஸில் லிந்துலையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவது என்று சின்னம்மா தீர்மானித்திருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திக் கொழுந்தெடுக்க அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் அம்மாவோடு மல்லுக்கு நின்றது சின்னம்மாதான்.

"என்னடி இது, தண்ணியும் தண்டும்?"

"மூச்சுல இருக்கிற வாயுவ இந்தத் தண்ணி காட்டிக்குடுத்திரும் சின்னம்மா. இருந்தா வெள்ளையாயிரும்."

நான் ஒரு தடவைகூட ஊதவில்லை. அதற்குள் சின்னம்மா கிளாஸை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சித்தப்பா அப்போதுதான் வந்து வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாயில் கொய்யா இலை.

"குடிக்கலன்னா இதுல ஊதுங்க. புள்ளைக்கு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்த பாடம். சூடத்த அணைச்சு சாமிய ஏமாத்தலாம், இத ஏமாத்த முடியாது."

சித்தப்பா இலையைத் துப்பிவிட்டு மிடுக்காக ஊதினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாலாக வெளுத்தது. கூடிநின்ற லயத்துச் சனம் வாயைப் பிளந்தது. பரிசோதனை பலித்ததில் நான் கைதட்டிவிட்டேன், பிறகுதான் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் விறுவிறுவென்று உள்ளே போய் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணன ஊதச் சொல்லு! அவரு விரதம். அவருக்கு வெளுக்கலன்னா நானே ஒன்ன பஸ் ஏத்திவிடறேன்!" என்று கத்தினார் சித்தப்பா.

அப்பா அப்போது சஷ்டி விரதத்தில் இருந்தார். மிச்சத் தெளிவை ஜாம் போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். அப்பா கண்ணை மூடி முருகனை நினைத்து ஊதினார். அது இன்னும் நன்றாக வெளுத்தது. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கோயில் தீர்த்தம் மட்டுந்தான் குடிச்சேன்" என்றார் அப்பா. அவருக்கே அதில் சந்தேகம் வந்துவிட்டது.

"விரதத்துல இருக்கிற மனுசனையும் கெடுத்துட்டீங்களா?" என்று சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுச் சின்னம்மா படியிறங்கி நடந்தார். கீழ் ரோட்டு வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது.

"நில்லு! நான் இன்னும் ஊதி முடிக்கல!"

சித்தப்பா கிளாஸை எடுத்து மறுபடி ஊதினார். கன்னம் புடைத்தது, கழுத்து நரம்பு தெறித்தது, சட்டையெல்லாம் தண்ணீர். மூச்சு வாங்க மட்டும் நிறுத்தினார். கண்ணில் நீர் வழிய வழிய ஊதினார். வெளுத்திருந்த தண்ணீர் மெல்ல மெல்ல நீர்த்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழையபடி தெளிந்துவிட்டது. மற்றவர்களைப் போலவே நானும் மலைத்துப்போனேன்.

சின்னம்மா திரும்பி வந்து கிளாஸைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். பஸ் போய்விட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். அம்மா ஜாம் போத்தலை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்து, "நீங்களும் ஊதுங்க" என்றார்.

அடுத்த வாரம் மாஸ்டர் மிச்சத்தை நடத்தினார். அன்று கொழுந்து நிறுத்துவிட்டு வந்த சின்னம்மாவை வழியிலேயே மறித்துக்கொண்டேன்.

"யாரு ஊதினாலும் வெளுக்கும் சின்னம்மா! எல்லாரு மூச்சுலயும் அந்த வாயு இருக்கு. ஊதிக்கிட்டே இருந்தா தெளிஞ்சிரும். சித்தப்பா குடிச்சாரா இல்லியான்னு அதுக்குத் தெரியவே தெரியாது!"

சின்னம்மா சிரித்தார்.

"குடிச்சாருடி. பக்கத்துல போகயிலேயே மணந்துச்சே."

"பின்ன ஏன் போகல?"

"கண்ணுல தண்ணி வர வர நிறுத்தாம ஊதுனாரே, நீ பாக்கலியா?"

பார்த்தேன்தான். அதிகம் ஊதினால் தெளியும் என்பதைத்தானே இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? பாவம், சின்னம்மாவுக்கு ரசாயனம் ஏறவில்லை என்று இரக்கப்பட்டு, முதலிலிருந்து மறுபடியும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.