முற்றத்துச் சுவரில் எங்கள் விளக்குகள்

எங்கள் குடியிருப்பு இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம். பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. வாசலில் ஒரு பளிங்குக் கல். ஜெர்மன்காரர் பிடித்துக்கொண்டுபோய்த் திரும்பி வராத குடித்தனக்காரர்களின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கும். வருடந்தோறும் யாரோ பூ வைப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை வரும். உடல் கிடைக்காதவர்களுக்கு ஒரு கல்லாவது இருக்கிறதே. என் தம்பிக்கு அதுவும் இல்லை.

2009 மே மாதம், ஊரில் போரின் கடைசி நாட்களில் அவன் செத்துப்போனதாகத் தொலைபேசியில்தான் செய்தி வந்தது. அன்று மாலை, கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கி மிஞ்சிய சிட்டிகளை, சின்ன மண் அகல்களை, முற்றத்துச் சுவரோரம் தெற்கு முகமாக வைத்துக் கொளுத்தினேன். தெற்கு செத்தவர்களின் திசை; நல்ல நாளில் யாரும் விளக்கைத் தெற்கே பார்க்க வைக்க மாட்டார்கள். எங்கள் படிக்கட்டு வீடுகளில் இருந்த மற்றத் தமிழ்க் குடும்பங்களும் தங்கள் ஆட்களுக்காக வந்து வைத்தன. மூன்றாம் மாடி அண்ணையும் இறங்கி வந்தார். அவர் புதுச்சேரிக் கத்தோலிக்கர், பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடு நின்று அழுதார். ஒரு படமும் எடுத்தார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி.

பல வருடங்கள் கழித்துக் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். ஜன்னல்களை மாற்றி, செங்கலைக் கழுவி, இனி இங்கே குடியிருந்தவர்களின் நினைவுப் பலகை ஒன்றை முற்றத்தில் வைக்கப்போகிறோம் என்றது நிர்வாகம். அதற்கொரு குழு. நல்ல பிரெஞ்சு பேசும் அண்ணை அதில் இருந்தார். தம்பியின் பெயரைப் போடும்படிகூட நான் அவரிடம் கேட்கவில்லை. இங்கே இருந்தவர்கள் தங்கள் இறந்தவர்களுக்கு விளக்கேற்றினார்கள் என்று ஒரே ஒரு வரி போதும் என்றேன்.

"கண்டிப்பா போடுறோம் தங்கச்சி. நான் இருக்கேன்ல?" என்றார்.

நம்பினேன். ஸ்தேன் புறநகரில் இருக்கும் சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லி வரவழைத்தேன். திறப்பன்று, செத்தவீட்டுக்குப் போவதுபோல வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு இறங்கினேன். அங்கே எல்லாரும் கையில் வைன் கிளாஸோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். பலகையை மூடியிருந்த துணியை இழுத்தார்கள். அண்ணை எடுத்த அதே படம், எங்கள் விளக்குகள். கீழே பிரெஞ்சில் எழுதியிருந்தது: "விளக்குத் திருவிழாவைச் சேர்ந்து கொண்டாடிய அயலவர்கள்."

கை தட்டினார்கள். ஒரு மதாம் என் சேலை அழகாக இருக்கிறது என்றார்.

"ஆர் அண்ணை இதை எழுதினது?"

"நான்தாம்மா. சாவைப் போட்டா மனசுக்குக் கஷ்டம், படமே வேணாம்னாங்க குழுவில. படமாச்சும் வரட்டுமேன்னு..."

"நவம்பரிலை உங்கடை அம்மான்ரை கல்லறையிலை மெழுகுதிரி கொளுத்திறியளே, அதுவும் கொண்டாட்டமோ?"

அவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒரு சொல்லு முன்னமே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ வேணாம்னுடுவே."

"ஓம். வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன்."

குழுவில் இருந்த மற்றவர்கள்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? இவர் எங்களோடு நின்று அழுதவர். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அது இதுதான். நான் யாருக்காக விளக்கு வைத்தேன் என்று தெரிந்துகொண்டே என் தம்பியின் சாவைத் திருவிழா ஆக்கிவிட்டார். அன்றோடு அவருடன் பேச்சை விட்டேன்.

ஆனாலும் வருடா வருடம் மே மாதம் அதே சுவரோரம், அந்தப் பலகைக்குக் கீழே, ஒரு சிட்டியைத் தெற்கு முகமாக வைக்கிறேன். வேறு எங்கே வைப்பது? போன முறை, புதிதாகக் குடிவந்த இளம்பெண் ஒருத்தி அவ்வழியே வந்தாள். பலகையை வாசித்தாள். என் விளக்கைப் பார்த்தாள். முகம் மலர்ந்து, "பொன் ஃபெத், மதாம்!" என்று திருநாள் வாழ்த்துச் சொன்னாள்.

நல்ல பிள்ளை. "மெர்சி" என்றேன்.