முதல் சாட்சி நான்தானாம்

பதினெட்டு வருடம் சர்ஜரி வார்டில் நர்ஸாகக் கட்டுப் போட்டுவிட்டு மனநல ஓ.பி.க்கு மாற்றலாகி வந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். காயம் என்றால் எனக்குத் தெரியும். கழுவலாம், தைக்கலாம். இங்கே எதைக் கழுவுவது என்று புரியாமல் முதல் நாள் காலை பி.பி. கருவியையே துடைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் சாமர்த்தியத்தைவிட என் தப்புகள்தான் உதவும். அதனால் இதை எழுதுகிறேன்.

இதில் வரும் நோயாளியிடம் அனுமதி கேட்டபோது, "தாராளமா எழுதுங்க சிஸ்டர். ஆனா எனக்குப் பேரு நாந்தான் வைப்பேன்" என்றார். அவரே வைத்துக்கொண்ட பெயர் அருளப்பன்.

1. சர்டிஃபிகேட் கேட்டு வந்தவர்

சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, இரண்டு காதிலும் பஞ்சு. பின்னால் அவர் மனைவி சகாயமேரி, கை நிறைய வாரப் பத்திரிகைகளோடு.

"எனக்கு வைத்தியம் வேண்டாம். புத்தி நல்லாருக்குன்னு ஒரு சர்டிஃபிகேட் போதும். போலீஸ்ல குடுக்கணும்."

அவர் மனதில் நினைக்கிற கதைகளை, எழுதுவதற்கு முன்பே யாரோ எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறார்களாம். ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "இந்தக் கதையில ஒருத்தன் பஸ்ஸ விட்டுட்டு நிக்கிறான். போன மாசம் நானும் பஸ்ஸ விட்டேன். எப்படி?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பஸ்ஸ விடாதவுக யாரு சார்? நானே இன்னைக்கு விட்டுட்டுத்தான் வாரேன்."

என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஓகோ. நீங்களும் அந்தக் கூட்டமா?" என்று கேட்டு, என் பேரை நோட்டில் குறித்துக்கொண்டார்.

டாக்டரம்மா என்னைவிட இளையவர். திருட்டைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சார், நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். அருளப்பன் சார் விரல்விட்டு எண்ணினார். "பதினோரு நாள்." ஆனாலும் மாத்திரை வேண்டாம் என்று எழுந்துபோய்விட்டார்.

சகாயமேரி மட்டும் நின்றார். "நான் சமைச்சா சாப்பிட மாட்டேங்கிறாக சிஸ்டர். நான் போன்ல பேசுனா இவுக மனசுல உள்ளதத்தான் யாருக்கோ சொல்றேனாம். காது வழியாக் கதை போயிரக் கூடாதுன்னுதான் அந்தப் பஞ்சு. கிளாஸ்ல வாயத் தொறந்தாலும் வெளிய போயிருமாம். அதனால பாடமே நடத்துறதில்ல. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்." சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. "இந்த மாசத்துக்குள்ள சரியாகலேன்னா வேலைக்கு நோட்டீஸ்னு சொல்லிட்டாக."

இதைத்தான் கேஸ் ஷீட்டில் டெல்யூஷன் என்று எழுதுவோம். எத்தனை ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய் நம்பிக்கை. நமக்குத்தான் அது பொய், அவருக்கு நிஜம்.

2. நான் போட்ட நாடகம்

அடுத்த வாரமும் சர்டிஃபிகேட் கேட்டு வந்தார். டாக்டரம்மா வார்டில் இருந்தார். வாதாடினால் வேலைக்கு ஆகாது, ஒத்துப்போய்ப் பார்ப்போம் என்று எனக்கு ஒரு யோசனை.

"சார், ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. கூப்பிட்டு எச்சரிச்சுட்டோம். இனிமே உங்க கதைப் பக்கம் வரமாட்டான். நீங்க நிம்மதியா டாக்டர் எழுதுன இந்த மாத்திரையப் போடுங்க."

அவர் முகம் மலர்ந்தது. கைகூப்பி மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். பிறவி நர்ஸ் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். எஸ்.ஐ. பேசினார்.

"சிஸ்டர், வாத்தியார் ஒருத்தர் புகார் குடுத்திருக்காரு. பதினாலு பக்கம். எழுத்து முத்து முத்தா இருக்கு, படிக்கவும் சுவாரசியமாத்தான் இருக்கு. ஆனா முதல் சாட்சின்னு உங்க பேரப் போட்டிருக்காரே?"

சகாயமேரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "நர்ஸம்மாவே ஒத்துக்கிட்டாகன்னு சொல்லிட்டு வீட்ட விட்டே போயிட்டாக. அவுக அண்ணன் தோட்டத்து மோட்டார் ரூம்ல இருக்காக. மாத்திரையத் தூக்கி வாய்க்கால்ல போட்டாச்சு. திருடன்தான் போயிட்டானே, எனக்கு எதுக்கு மாத்திரைன்னு கேக்குறாக."

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. "அவர் தப்பா நம்புறதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க சிஸ்டர். போய் அழிச்சிட்டு வாங்க."

3. திராட்சைப் பந்தலுக்குக் கீழே

அன்று மதியமே போனேன். பந்தலுக்குக் கீழே, பழம் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். தாடியும் குழிந்த கன்னமுமாக இருந்தார். தானே பறித்த பழத்தை மட்டும்தான் தின்கிறார் என்று அண்ணன் சொன்னார்.

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "சார், நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். எந்த ஆளையும் எனக்குத் தெரியாது. யாரையும் எச்சரிக்கல. நீங்க மாத்திரை போடணுங்கிறதுக்காக அப்படிச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

"அப்ப என் கதைய யாரும் எடுக்கலேன்னு சொல்றீகளா?"

மறுபடி வாதாட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "நீங்க நம்புறத நான் நம்பல சார். ஆனா நீங்க பயந்துபோய் இருக்கீக, பசியோட இருக்கீக. அது எனக்கு நல்லாத் தெரியுது."

அவர் ஒரு திராட்சையைக் கிள்ளி விரலில் உருட்டினார். பிறகு, "இத்தன நாள்ல எங்கிட்ட வந்து தப்புப் பண்ணிட்டேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றார். "அந்த மாத்திர என்ன செய்யும்?"

"பயம் குறையும். தூக்கம் வரும். வாய் கொஞ்சம் வறளும்."

"கதைய அழிச்சிருமா?"

"தெரியாது சார். வாங்க, டாக்டர்ட்ட கேப்போம்."

எழுந்தார். ஒரு காதிலிருந்து மட்டும் பஞ்சை எடுத்துப் போட்டார். பாதி நம்பிக்கை. அன்றைக்கு எனக்கு அது போதும்.

4. முடிவு சரியில்லை

ஒரே நாளில் மாறவில்லை. முதல் இரண்டு வாரம் தூக்கம் மட்டும் வந்தது. நாலாவது வாரம் மற்றொரு காதுப் பஞ்சும் போயிற்று. ஆறாவது வாரம் சகாயமேரி ஓ.பி. வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்: "சிஸ்டர்! எங்குழம்புல உப்பு பத்தலேன்னு சண்ட போட்டாக!" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டாக்டரம்மா, வேலைக்குத் தகுதியாக இருக்கிறார் என்று பள்ளிக்கு ஃபிட்னஸ் எழுதிக் கொடுத்தார். அவர் முதலில் கேட்டு வந்ததும் ஒரு சர்டிஃபிகேட்தானே என்று நான் சொன்னபோது, சாருக்கே சிரிப்பு.

மறு வருடம் ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தார். மாத்திரை கதையை அழிக்கவில்லை. தன் கதைகள் திருடுபோவதாக நம்பும் ஒரு மனிதனைப் பற்றிய கதை. நன்றாக இருந்தது. கடைசியில் அவன் மேகமலை உச்சியிலிருந்து குதித்துவிடுகிறான்.

"இவன ஏன் சார் கொன்னீக?"

"கதையில புத்தி பேதலிச்சவன் ஒண்ணு சாகணும், இல்ல ஞானியாகணும். இலக்கியம்னா அதான் சிஸ்டர்."

சகாயமேரி விடவில்லை. "ஏன், மாத்திரையப் போட்டுட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்தா இலக்கியம் கோவிச்சுக்குமோ?"

சார் தொடையில் தட்டிச் சிரித்தார். முடிவை மாற்றி எழுதி ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'முடிவு நம்பும்படி இல்லை.'

"பாத்தீகளா? நடந்ததத்தான் நம்ப முடியலயாம்!" என்று அதை ஓ.பி. முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

நான் கற்றது இவ்வளவுதான். நோயாளியின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதீர்கள், ஒத்தும் ஊதாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லிவிட்டு அவர் பயத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்தக் குறிப்பைக் காட்டித் திரிந்த அன்று ஓ.பி. வரிசையில், தலை நிமிராத மகனோடு உத்தமபாளையத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். சார் அவர்களுக்குக் கதையை முழுக்கப் படித்துக் காட்டினார். முடிந்ததும் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "அந்த ஆளு இப்ப எப்படி இருக்காக?"

சார் மாத்திரைக் கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு தாயி. ஓடிக்கிட்டு இருக்கான்."