வாய் தெரியும் மாஸ்க்

கொரோனா காலத்தில் நீர்வேலியில் என் தையல் கடையில் மாஸ்க்தான் தைத்தோம். துணி வெட்டித் தரும் அக்காவுக்குக் காது கேளாது. வாயசைவைப் பார்த்தே பதில் சொல்வார். ஊரே வாயை மூடியதும் தவித்துப்போனார்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாஸ்க்கின் நடுவில் துணியை வெட்டி, வாய் தெரியும்படி பிளாஸ்டிக் வைத்துத் தைத்தேன். மூச்சுப்பட்டு மங்காமலிருக்க உட்பக்கம் சவர்க்காரம் பூசினேன். காதை இழுக்காதபடி பின்னால் முடியும் நாடா வைத்தேன். மூன்று நாள் மெனக்கெட்டு, அதை அக்காவுக்கே கட்டிவிட்டேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். அவரும் சிரித்துக்கொண்டு நின்றார்.

ஒரு கிழமை கழித்து அக்கா அளவைப் பிழையாக வெட்டிவிட்டார்.

"எத்தனை தரம் சொல்லுறது?" என்று கத்தினேன்.

அவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். தன் மாஸ்க்கைத் தொட்டுக் காட்டினார்.

"தங்கச்சி, இதை நீர் எல்லோ போடவேணும். என்ரை வாயைப் பாத்து ஆருக்கு என்ன? உம்மடை வாயைத்தான் நான் பாக்கவேணும்."

வெட்கத்தில் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். மூன்றடுக்குக் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கேட்டேன்.

"என்ன சொன்னனீர்?" என்றார்.